வெடியுப்பின் கணக்கு: பாஞ்சாலங்குறிச்சி, மணியாச்சி, தாமிரபரணி

ஒரு தோட்டா என்ன விலை?

அசட்டுக் கேள்வி மாதிரிப் படும். துப்பாக்கி வைத்திருக்கிறவன் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் கடந்த இருநூற்றைம்பது வருஷத்தின் மேல் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், வீரம், துரோகம், தியாகம் என்ற மூன்றே சொற்களால் நிரப்பி வைத்திருக்கிற நம் வரலாற்றுக்குள் வேறு சில ஆட்கள் தட்டுப்பட ஆரம்பிக்கிறார்கள். மண்ணைக் கரைத்து உப்புக் காய்ச்சியவர்கள், கரி சுட்டவர்கள், ஈயம் உருக்கியவர்கள், சுட்டு முடித்தபின் கீழே குனிந்து பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எண்ணுகிறவர்கள்.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு இது தீராத விவாதம். ஃபாக்டரித் தோட்டாவை வாங்கிச் சுடுவதா, அல்லது சுட்ட கூட்டை எடுத்து வைத்துத் தானே மறுபடி அடைத்துக்கொள்வதா, எது லாபம்? இன்றைய தோட்டாவில் நான்கு பகுதி உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றுகிற கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் மூன்று தீர்ந்துபோகும்; கூடு மிஞ்சும். விலை கூடுதலும் கூட்டுக்குத்தான். அதைப் பலமுறை பயன்படுத்தினால் ஒவ்வொரு முறைக்கும் அதன் விலை சுருங்கிக்கொண்டே போகும். லட்சக்கணக்கில் உற்பத்தியாகிற சாதாரண அளவுத் தோட்டாக்களில் பெரிய மிச்சம் கிடையாது. மில் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துவிட்டது. அபூர்வமான அளவுகளில் மட்டும் கைவேலை ஜெயிக்கிறது. இந்தக் கணக்கில் ஒன்று எப்போதும் விட்டுப்போகும். உட்கார்ந்து அடைக்கிறவனுடைய நேரம். அதற்குக் கூலி போட்டால் மிச்சம் காணாமல் போய்விடும் என்று அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள்.

கைத்தறிக்காரர் வீட்டுக் கணக்கு இது. பொண்டாட்டி தார் சுற்றியதற்கும் பிள்ளை பாவு பிடித்ததற்கும் கூலி போடாததால்தான் அங்கே துணி 'கட்டுப்படியாகிறது'. விலை என்று எழுதப்படுகிற எண்ணுக்குள் யாருடைய உழைப்பு எண்ணப்படாமல் ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி நூலுக்கு மட்டும் உரியதல்ல, வெடிமருந்துக்கும் உண்டு.

1878இல் புத்தகமாக வந்த 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் ஏங்கல்ஸ், ராபின்சன் குரூசோவையும் ஃப்ரைடேயையும் வைத்து ஒரு வாதம் நடத்துகிறார். வன்முறைதான் எல்லாவற்றுக்கும் மூலம், பொருளாதாரம் அதற்குப் பின்னால் வருவது என்பது டூரிங்கின் கட்சி. சரி, குரூசோவுக்கு வாள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் ஏங்கல்ஸ். ஒருநாள் காலையில் ஃப்ரைடே கையில் மருந்தடைத்த ரிவால்வரோடு வந்து நின்றால் எஜமான் யார், அடிமை யார்? ரிவால்வர் மனஉறுதியால் முளைப்பதில்லை, அதை உற்பத்தி செய்தாக வேண்டும். அவர் அங்கே கேட்காமல் விட்ட ஒரு துணைக்கேள்வி நமக்கு முக்கியம். ஃப்ரைடேயின் ரிவால்வரில் ஆறு குண்டு தீர்ந்தபிறகு? ஏழாவது குண்டு எங்கிருந்து வரும்?

அதே 1878இல்தான் லிட்டனின் ஆயுதச் சட்டம் இந்தியாவில் வந்தது. தற்செயல்தான். ஆனால் ஏழாவது குண்டைப் பற்றி லிட்டனின் அதிகாரிகள் ஏங்கல்ஸைவிடக் கூடுதலாக யோசித்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் பாளையப்பட்டுகளில் 'ஃபாக்டரி' கிடையாது. எல்லாமே கைவேலை. திரியால் பற்றவைக்கும் துப்பாக்கியின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுட வேண்டும். மருந்து என்பது மூன்று பொருள்: வெடியுப்பு, கந்தகம், கரி. பெரும்பங்கு வெடியுப்பு. கரி பிரச்னையில்லை. துவரைமாரும் எருக்கும் கரிசலில் எங்கும் கிடக்கிறது. வெடியுப்பு கூட மண்ணிலேயே கிடைத்தது. மனுஷனும் மாடும் நெடுங்காலம் புழங்கிய இடத்து மண்ணில், பாழடைந்த குடியிருப்புகளில், தொழுவத்து ஓரங்களில் அது பூக்கும். அந்த மண்ணைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுவது உப்பரவர், உப்பிலியர் என்று அழைக்கப்பட்ட சாதிகளின் வேலை. சாப்பிடுகிற மண் உப்பும் வெடியுப்பும் அவர்களுக்கு ஒரே அடுப்பில் இறங்குகிற இரண்டு சரக்கு.

இவ்வளவு தூரம் பாளையக்காரர் தற்சார்போடுதான் இருக்கிறார். சிக்கல் மற்ற இரண்டில். கந்தகம் இந்த மண்ணில் கிடையாது. குண்டுக்கான ஈயமும் கடல் வழியாக வர வேண்டும். கடல் யார் கையில் இருந்தது? 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்ததிலிருந்து பெரும்பாலும் டச்சுக்காரர் கையில். 1783இல் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, பணத்தோடும் துப்பாக்கி, மருந்து, குண்டு முதலிய சரக்குகளோடும் ஒரு காகிதமும் அகப்பட்டது. கொழும்பு டச்சு அரசாங்கத்தோடு கட்டபொம்மு நாயக்கர் செய்துகொண்ட ஒப்பந்தம். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி சரித்திரத்தில் இது பதிவாகியிருக்கிறது. (1799இல் தூக்கிலிடப்பட்டவருக்கு முந்திய கட்டபொம்மன் காலத்துச் செய்தி இது. மேடைப் பேச்சாளர்கள் குழப்பிக்கொள்வார்கள்.) அந்நியனோடு சேர்ந்தான் என்று ஒரு கோஷ்டியும், சாதுரியமான ராஜதந்திரம் என்று இன்னொரு கோஷ்டியும் இதை வாசிப்பதுண்டு. கந்தகக் கணக்கு தெரிந்தவனுக்கு இரண்டும் வேண்டியதில்லை. துறைமுகம் வைத்திருப்பவனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் யாரும் இரண்டாவது வருஷம் சண்டை போட முடியாது. அவ்வளவுதான் சங்கதி.

கம்பெனியின் மருந்தும் அதே மூன்று பொருள்தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனின் விஞ்ஞானம் ஜெயித்தது என்ற பெருங்கதையாடல் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் மட்டுமல்ல, நம் இடதுசாரி நண்பர்கள் சிலரின் எழுத்திலும் உண்டு. 1799இல் இரண்டு தரப்புக்கும் நடுவே விஞ்ஞான வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. வித்தியாசம் கிட்டங்கியில் இருந்தது. பாட்னா வட்டாரத்து வெடியுப்பு, உலகத்திலேயே மலிவான வெடியுப்பு, கம்பெனியின் பிடியில். பீகாரில் மண் கரைத்த நோனியாக்களின் கூலி எவ்வளவு தாழ்ந்திருந்ததோ அவ்வளவு மலிவாகப் பாளையங்கோட்டைக் கோட்டையில் குண்டு வெடித்தது. பாஞ்சாலங்குறிச்சியின் உப்பரவரை பீகாரின் நோனியா தோற்கடித்தார் என்றுகூடச் சொல்லலாம், இரண்டு பேருக்கும் தெரியாமலே.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் முதல் தாக்குதலில் கோட்டையை எடுக்க முடியவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை கூட்டம், இடித்துப் போட்ட கோட்டையை மறுபடி எழுப்பி நிறுத்தியது. மார்ச் 31இல் மேஜர் மெக்காலேயின் தாக்குதலும் தோற்றது. மண் கோட்டை. உள்ளே நீண்ட ஈட்டிகள். கோட்டை விழுந்தது மே 24இல், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, கர்னல் ஆக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டு வந்த பிறகு. இந்த இரண்டு மாதம்தான் என் வாதத்தின் மையம். கம்பெனியால் இரண்டு மாதம் காத்திருக்க முடிந்தது. காத்திருக்கக் காத்திருக்க அவர்களுக்குச் சரக்கு சேர்ந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் கையிருப்பு கரைந்தது. அங்கே ஈட்டி அவ்வளவு பெரிய பங்கு வகித்ததை நம் கதைப்பாடல் மரபு வீரத்தின் அடையாளமாகப் பார்க்கிறது. ஈட்டிக்கு மருந்து வேண்டாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா?

நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடலை மக்கள் வரலாறு என்று நாம் கொண்டாடுகிறோம். சரிதான். வெள்ளையத்தேவனுக்கு அந்த மரபில் இடம் உண்டு, சுந்தரலிங்கத்தின் இடத்தைப் பிற்காலத்து அரசியல் போராடி மீட்டிருக்கிறது. மருந்து இடித்தவனின் இடம் எது? பாளையக்காரரின் மருந்து மலிவாக இருந்திருந்தால் அது யாருடைய எண்ணப்படாத உழைப்பால்? கம்பெனிக்கு ஒரு நோனியா என்றால் பாளையத்துக்கு ஓர் உப்பரவர். காவல் என்ற பெயரில் குடிகளிடம் தண்டியதெல்லாம் வேறு கணக்கு. பாளையத்தைச் சுதந்திர பூமியாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் ஒருதடவை போட்டுப் பார்க்கணும்.

*

1801 டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. தென்சீமையில் துப்பாக்கி முதலான ஆயுதங்களை வைத்திருப்பதற்கு முடிவு கட்டிய பிரகடனம். மீறினால் மரணம் வரை தண்டனை. அதற்கு முந்திய சில வாரங்களில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். ஆகவே மரண தண்டனை என்ற சொல் வெறும் சொல்லல்ல என்பது ஊருக்குத் தெரியும்.

ஆனால் துப்பாக்கியைப் பிடுங்குவது பாதி வேலை. குழலைப் பரணில் ஒளித்து வைக்கலாம், கிணற்றில் போட்டு வைக்கலாம். மீதிப் பாதியைச் செய்தது ஆயுதச் சட்டமே அல்ல, உப்புச் சட்டம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசாங்க ஏகபோகமானது. மண்ணிலிருந்து காய்ச்சுகிற உப்பு, ஏகபோகத்துக்குப் போட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மாவட்டம் மாவட்டமாக நசுக்கப்பட்டது. 1889ஆம் வருஷத்துச் சென்னை உப்புச் சட்டம் அந்தக் காரியத்தைச் சட்டப்புத்தகத்தில் உறுதியாக்கியது. வெடியுப்புக் காய்ச்சினால் சாதா உப்பும் கூடவே இறங்கும். ஆகவே வெடியுப்பு அடுப்பும் உப்பு இலாகாவின் கண்ணுக்குள் வந்துவிட்டது. தர்ஸ்டன் தன் சாதித் தொகுதிகளில் உப்பரவரைப் பற்றி எழுதும்போது, உப்புத் தொழில் போய் இவர்கள் குளம் வெட்டவும் மண் சுமக்கவும் போய்விட்டார்கள் என்று ஒரு சாதியின் 'வழக்கம்' போலக் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். இனவரைவியல் என்பது சட்டத்தின் விளைவைப் பழக்கமாக எழுதிக் காட்டும் கலை என்றும் சொல்லலாம். வேதாரண்யத்து உப்பைப் பற்றி நாம் ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறோம். அது கடல் உப்பு. மண் உப்பைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

மருந்து அறிவு முழுக்கச் செத்துவிடவில்லை. கோயில் கொடைகளில் வேட்டுப் போடுகிறவர்களிடம் அது தங்கியது. சுடலைமாடனுக்கு அதிர்வேட்டு வேண்டுமே. குழாயிலிருந்து குண்டு கழன்று, சத்தம் மட்டும் மிஞ்சியது. பிற்பாடு அந்த அறிவு முதலாளித்துவ உருவில் திரும்பி வந்த இடம் சிவகாசி. 1899 ஜூன் 6ஆம் தேதி கொள்ளையிடப்பட்டபோது சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910இல்தான் ராமநாதபுரத்துக்குப் போனது. பிற்காலத்தில் அதே ஊர் தீப்பெட்டிக்கும், பிறகு பட்டாசுக்கும் தலைநகராயிற்று. அங்கும் விலையின் ரகசியம் பழையதுதான்: எண்ணப்படாத கைகள். இம்முறை குழந்தைகளின் கைகள்.

*

தொழில்நுட்பம் ஒன்று நடுவில் புகுந்தது. அதைக் கவனிக்காவிட்டால் மேலே நகர முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கேப்பு வந்தது. சின்னஞ்சிறு செப்புக் குல்லாய்க்குள் கொஞ்சம் ரசாயனம். திரியைவிட நம்பகமானது, மழையில் அணையாது. ஆனால் வெடியுப்பைப் போல அதை மண்ணிலிருந்து எடுக்க முடியாது. துப்பாக்கியைக் கொல்லன் செய்யலாம், மருந்தை உள்ளூரில் இடிக்கலாம். கேப்பு மட்டும் கம்பெனிச் சரக்கு. அந்தச் சின்னக் குல்லாய்க்குள் கிராமம் தன் தற்சார்பை இழந்தது. அடுத்து 1860களுக்குப் பிறகு பித்தளைக் கூடு. மருந்து, கேப்பு, குண்டு எல்லாம் ஒன்றாகச் சீல் வைத்த பொட்டலம். பண்டம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செய்தவன் கை தெரியாது, உள்ளே இருப்பது தெரியாது, பிரித்துப் பார்க்கவும் கூடாது.

எல்லோரும் இதற்குப் பணிந்துவிடவில்லை. வடமேற்கு எல்லையில் கோஹாட் கணவாய்ப் பக்கம் அப்ரீதிக் கொல்லர்கள் பிரிட்டிஷ் ரைஃபிள்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள். சுட்ட கூடுகளைச் சேகரித்து மறுபடி அடைத்தார்கள். ஒரு கூட்டைக் கீழே விட்டால் அது நாளைக்கு நம்மை நோக்கித் திரும்பி வரும் என்று பிரிட்டிஷ் சிப்பாய் கற்றுக்கொண்டது அங்கேதான். குடகிலே கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள், விசுவாசத்துக்குப் பரிசாக. ஏதோவொரு வடிவில் அது இன்றுவரை தொடர்கிறது. திருநெல்வேலிக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. மலையெல்லைச் சுதந்திரமும் இல்லை, விசுவாசச் சலுகையும் இல்லை. 1801ஐ மறக்காத சர்க்கார் இங்கே.

எதிர்ப்பக்கம் உற்பத்தி பெருகிக்கொண்டு போனது. டம்டம், கிர்க்கி, பிறகு 1904இலிருந்து நீலகிரி அரவங்காட்டில் கார்டைட். டம்டம் ஊரின் பெயரையே ஒரு குண்டு தாங்கியது: உடம்புக்குள் விரிகிற குண்டு. 1899 ஹேக் மாநாட்டில் அது தடை செய்யப்பட்டபோது பிரிட்டன் எதிர்த்து வாதாடியது. 'நாகரிகமற்றவர்களை' சாதாரணக் குண்டு நிறுத்தாதாம்.

*

இப்போது மணியாச்சிக்கு வரலாம். 1911 ஜூன் 17, ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. சுட்ட வாஞ்சிநாதன் அதே துப்பாக்கியால் தன்னையும் முடித்துக்கொண்டார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பயின்றவர். பிரெஞ்சுக்காரன் ஊரில்தான் பயில முடியும், பிரிட்டிஷ் எல்லைக்குள் முடியாது. குண்டின் பூகோளம் இப்படித்தான்: லியேஜ் பக்கத்துத் தொழிற்சாலை, ஐரோப்பியத் துறைமுகம், பாண்டிச்சேரி, மணியாச்சி.

இது தனி நிகழ்ச்சியல்ல. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர், ஒரு பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரௌனிங்குகளையும் தோட்டாக்களையும் வைத்து அனுப்பினார். அந்த வருஷம் டிசம்பர் 21இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் விழுந்தது அதில் ஒன்றால். 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மௌசர் பிஸ்டலும் 46,000 தோட்டாவும் காணாமல் போயின. வகுத்துப் பாருங்கள். ஒரு பிஸ்டலுக்கு 920 தோட்டா. திருடப் போனவர்களுக்கு ஏழாவது குண்டின் கணக்கு தெரிந்திருந்தது. சிட்டகாங்கில் 1930 ஏப்ரல் 18இல் சூர்யா சென் கூட்டத்தார் ஆயுதச் சாலையையே பிடித்தார்கள். உள்ளே ரைஃபிளும் லூயிஸ் கன்னும் கிடைத்தன. அவற்றுக்கான தோட்டா கிடைக்கவில்லை. வேறிடத்தில் வைத்திருந்தான் வெள்ளைக்காரன். துப்பாக்கி ஓர் அறை, தோட்டா இன்னோர் அறை. அதிகாரம் பற்றிய ஃபூக்கோவின் ஒரு முழு அத்தியாயம் இந்த இரண்டு சாவிக்குள் அடங்கிவிடும்.

ஆக, நான் சொல்ல வருவது இது. 1801இல் ஊர் திரண்டு சண்டை போட்டது. 1911இல் ஒரு தனி மனிதன், ஒரு ரகசியச் சங்கம், ஒரு ரயில் பெட்டி. இந்த மாற்றத்தை நாம் 'மக்களிடமிருந்து அந்நியப்பட்ட மத்தியதர வர்க்க பயங்கரவாதம்' என்று சித்தாந்தத்தால் மட்டும் விளக்கிப் பழகிவிட்டோம். தோட்டாவும் அதைத் தீர்மானித்தது. மறுபடி அடைக்க முடியாத குண்டு, மறுபடி கிடைக்காத குண்டு, விரலில் எண்ணக்கூடிய குண்டு. அப்படிப்பட்ட குண்டுக்கு ஒரு கலெக்டரைத் தவிர வேறு யாரும் 'கட்டுப்படியாக' மாட்டார்கள். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் 3000 மதராசிகள் பிரதிக்ஞை எடுத்திருப்பதாகச் சொன்னது. வழக்கில் நிறுத்த அரசாங்கத்துக்குக் கிடைத்தவர்கள் 14 பேர். அந்தக் கடிதத்தின் சனாதனமும், ஜார்ஜ் மன்னரைக் குறித்து அது பயன்படுத்திய வசையில் ஒளிந்திருக்கிற சாதியும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, இன்னும் பேசவும் வேண்டும். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். மூவாயிரத்துக்கும் பதினாலுக்கும் நடுவிலிருக்கிற பள்ளம் வெறும் மிகையல்ல, வெடியுப்பின் பள்ளமும்தான். உப்பரவர் இல்லாத புரட்சி அது. அந்தக் கடிதத்தின் உலகத்தில் அவருக்கு இடமும் இருந்திருக்காது.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்கிறேனா? இல்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சிவாவும் கைதானதும் திருநெல்வேலியில் எழுந்த கூட்டத்தின் கையில் துப்பாக்கி இல்லை. கல்லும் மண்ணெண்ணெயும்தான். முனிசிபல் ஆபீஸ் எரிந்தது, தபாலாபீஸ் எரிந்தது. மணியாச்சியின் ஒரு பிஸ்டலைவிட அது சர்க்காரை உலுக்கியது. மார்ச் 13இல் போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது நம் விலைக் கணக்குக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டது. தண்டப் போலீஸ் என்றால், கலகம் நடந்த ஊரில் கூடுதல் படையை வைத்து, அதன் சம்பளத்தையும் செலவையும் அந்த ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலிப்பது. 1899க்குப் பிறகு சிவகாசிப் பக்கமும் இதே ஏற்பாடுதான். நம் வீட்டுக் காசில் நமக்குக் குண்டு. இந்த நிலைமையில், தானே அடைத்த தோட்டா மலிவா, வாங்கிய தோட்டா மலிவா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நாம் வாங்கினோம், நம்மீதே சுடப்பட்டது.

1942 செப்டம்பர் 20இல் குலசேகரன்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். இளைஞர்கள் போனது உப்பு இலாகாவின் துப்பாக்கிகளுக்காக. வைத்திருந்தது வேலும் அரிவாளும். துப்பாக்கி உப்பளத்திலே இருந்தது பாருங்கள். 1805இல் தொடங்கிய வட்டம் அங்கே வந்து மூடுகிறது. காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் விதிக்கப்பட்ட தூக்கு பிறகு ஆயுளாகக் குறைந்தது.

*

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டம் 1878இன் நிறவெறியைக் களைந்தது, எலும்பை வைத்துக்கொண்டது. தோட்டாவோ அதன் பாகமோ உரிமமில்லாமல் செய்வது குற்றம். 1980களின் நடுவில் தனியார் ஆயுத இறக்குமதியும் நின்றபின், உரிமம் வைத்திருக்கிறவனுக்கும் கடை பெரும்பாலும் ஒன்றுதான்: சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு. 2021இல் அந்தத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அரவங்காடு அதில் ஒன்றின் கீழ் போயிற்று. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யாமலிருக்க அந்த வருஷமே ஒரு சட்டம். தோட்டா செய்கிறவனின் கூலி மறுபடியும் கணக்குக்கு வெளியே.

மலையடிவாரத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கி உரிமம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பன்றி வந்து வாழையைச் சரிக்கிற பகுதி. "மருந்தெல்லாம் கட்டுப்படியாகுமா அண்ணாச்சி?" என்றேன். "மருந்து என்ன தம்பி பெருசு. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கும் தாலுகாபீசுக்கும் நடக்கற பஸ் காசக் கணக்குப் போடும். எலெக்சன் வந்தா கொண்டுபோயி அவன்ட்ட குடுத்துரணும். முடிஞ்சதும் திரும்ப வாங்க நாயா அலையணும். பன்னிக்கு எலெக்சனா தெரியும்?" என்றார். அவர் சுட்டே பல வருஷம் ஆகிவிட்டது. சத்தத்துக்குப் பட்டாசுதான் போடுகிறார். சிவகாசிப் பட்டாசு. கொடை வேட்டின் பேரப்பிள்ளை.

இந்தப் பள்ளத்தாக்கின் சாதி வன்முறையில் துப்பாக்கிக்குப் பெரிய இடம் கிடையாது. அரிவாளும் நாட்டு வெடிகுண்டும். அரிவாளுக்கு மருந்து வேண்டாம், ஈட்டிக்கு வேண்டாதது மாதிரி. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து டிராக்டரையும் தையல் மிஷினையும் பாத்திரத்தையும் உடைத்துப் போட்டது. அங்கே தலித்துகள் சேர்த்து வைத்திருந்த சொத்துதான் குறி. அதற்குத் தோட்டா செலவழிக்க அவசியமே வரவில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் கலெக்டர் ஆபீசுக்கு வந்த ஊர்வலம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. பெரும்பாலோர் மூழ்கி. தடி, கல், ஆறு. சென்னையிலிருந்து வந்த ஆணைக்குழு நீதிபதி மோகனின் முன்னால் வாதமெல்லாம் அவர்கள் எப்படி மூழ்கினார்கள் என்பதில் போய் நின்றது. குண்டு இருந்தால் எண்ணலாம். வெற்றுக்கூடு இருக்கும், ரிஜிஸ்டர் இருக்கும். ஆற்றுக்கு ரிஜிஸ்டர் கிடையாது. ஒரு ரவுண்டு செலவில் எழுதாமலே பதினேழு சாவு என்பது ஆயுதக் கிடங்கின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பிடிக்காத சாவு.

2018 மே 22 தூத்துக்குடியில் நேர்மாறாக நடந்தது. 13 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளிவந்தபோது, யார் எங்கிருந்து எந்தத் துப்பாக்கியால் எத்தனை ரவுண்டு சுட்டார் என்ற விவரம் அதில் பக்கம் பக்கமாக வந்தது. அந்த எண்ணிக்கை கிடைப்பதற்கு ஒரு காரணம் பழைய காலனிய வழக்கம். சுடப் போகும்போது எண்ணிக் கொடுத்த தோட்டாவுக்கு, திரும்பி வந்து கணக்குச் சொல்லணும். சுடாதது இத்தனை, சுட்டது இத்தனை, அதற்கு வெற்றுக்கூடு இத்தனை. கூடு குறைந்தால் காவலர் பாடு திண்டாட்டம். கோஹாட் கணவாயில் பயந்து கற்றுக்கொண்ட பாடம் நம் ஊர் ஆயுதப்படை மைதானத்தில் இன்றும் நடக்கிறது. சுட்டு முடித்தபின், புகை அடங்குவதற்கு முன்னாலேயே, யாராவது ஒருத்தர் குத்தவைத்து உட்கார்ந்து தரையைத் தடவிப் பித்தளை பொறுக்கிக்கொண்டிருப்பார்.